"மெமரி போதாது" என்று வந்தால் ரேம் வாங்க ஓடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

16 ஜிபி ரேம் உள்ள கொம்பியூட்டரில் "அவுட் ஒஃப் மெமரி" என்று செய்தி வருகிறது. கடைக்குக் கொண்டுபோனால் 32 ஜிபி ஆக்கச் சொல்கிறார்கள். ஆக்கிய பின்னும் அதே செய்தி, அதே வேலையில், அதே இடத்தில் வருகிறது. கணக்காளர் அலுவலகம், அச்சகம், கொமியூனிகேஷன் கடை, உயர்தர மாணவர் வீடு என்று கொழும்பில் இது நடக்காத இடம் இல்லை. 2022 இல் ரூபா சரிந்ததிலிருந்து இறக்குமதிப் பொருளான ரேம் சிறு செலவாக இல்லை. அந்தச் செலவுக்கு முன் பார்க்க வேண்டியவற்றை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

உண்மையிலேயே ரேம் போதாமல் போனால் விண்டோஸ் எடுத்த எடுப்பில் பிழைச்செய்தி காட்டாது. சும்மா கிடக்கும் பகுதிகளை டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு இடம் செய்யும். அதனால் கொம்பியூட்டர் ஊரத் தொடங்கும்; ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்குப் போகவே நேரம் பிடிக்கும்; டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். இப்படி எந்தத் திணறலும் காட்டாமல் ஓடிய வேலை சட்டென்று "மெமரி போதாது" என்று நின்றால், பெரும்பாலும் முட்டியிருப்பது வேறோர் எல்லை. அது எந்த எல்லை என்று கண்டுபிடித்த பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

செய்தி திரையில் நிற்கும்போதே, "ஓகே" அழுத்துமுன், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். "பெர்ஃபோமன்ஸ்" பகுதியில் "மெமரி"யைத் தெரிவுசெய்தால் கீழே சில எண்கள் இருக்கும். மேலே ஓடும் கோட்டுப் படத்தை விடுங்கள். "அவைலபிள்", "கொமிட்டெட்", "நொன்-பேஜ்ட் பூல்" என்ற மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புரோகிராம் மூடிய பிறகு பார்த்தால் எல்லாம் சாதாரணமாகத் தெரியும். கடைக்குக் கொண்டுபோனபின் "ஒரு பிழையும் இல்லையே" என்று சொல்லப்படுவது இதனால்தான்.

இந்த மூன்றில் "கொமிட்டெட்" என்பதுதான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. "15.6/15.8 ஜிபி" என்பதுபோல இரண்டு எண்கள் சாய்கோட்டுடன் இருக்கும். பக்கத்திலேயே "அவைலபிள் 5.1 ஜிபி" என்றும் இருக்கும். 5 ஜிபி சும்மா கிடக்கும்போது 400 எம்பி கேட்ட புரோகிராமுக்கு ஏன் இல்லை என்கிறது?

கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ரயிலில் இருக்கைகளை முன்பதிவு செய்வதை நினைத்துப் பாருங்கள். எல்லா இருக்கைக்கும் பதிவு முடிந்துவிட்டது. ஆனால் பலர் அநுராதபுரத்தில்தான் ஏறப்போகிறார்கள். பெட்டியில் பாதி இருக்கை காலி. இருந்தும் கவுண்டரில் டிக்கெட் இல்லை. புரோகிராம்களும் இப்படித்தான் இன்று தேவைப்படாத இடத்தையும் முன்கூட்டியே பதிந்துவைக்கின்றன. விண்டோஸ் பதிவு கொடுத்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்காது. இருக்கிற இருக்கைக்கு மேல் பதிவும் கொடுக்காது. "கொமிட்டெட்" என்பதில் முதல் எண் பதியப்பட்ட அளவு. இரண்டாவது எண் பதியக்கூடிய உச்ச அளவு. அந்த உச்ச அளவு ரேம் மட்டும் அன்று. ரேமும், சும்மா கிடக்கும் பகுதிகளைத் தள்ளிவைக்க விண்டோஸ் டிஸ்க்கில் வைத்திருக்கும் பேஜிங் ஃபைலும் சேர்ந்தது. (லினக்ஸ் வழக்கமாக இருக்கைக்கு மேலும் பதிவு கொடுக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறிவிட்டால் யாராவது ஒருவரை இறக்கிவிடும். லினக்ஸ் சேர்வரில் புரோகிராம் ஒன்று சொல்லாமல் செத்துப்போனால், இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னல் எழுதும் லொக்கில் "அவுட் ஒஃப் மெமரி" என்று தேடுங்கள். எது கொல்லப்பட்டது என்று பெயரோடு இருக்கும்.)

இனி, பேஜிங் ஃபைலை யாரோ நிறுத்திவைத்திருந்தால் என்ன நடக்கும்? பின்னால் கோத்திருந்த பெட்டிகள் கழன்றுவிட்டன. உச்ச அளவு ரேமின் அளவுக்குச் சுருங்கிவிடும். "எஸ்எஸ்டி தேய்ந்துவிடும்", "ரேம் நிறைய இருந்தால் பேஜிங் ஃபைல் தேவையில்லை" என்ற இரண்டு அறிவுரைகளும் கொழும்புக் கடைகளில் இன்னும் உலவுகின்றன. இரண்டையும் நாங்கள் ஏற்பதில்லை. பேஜிங் ஃபைல் இருப்பதால் மட்டும் எஸ்எஸ்டியில் ஓயாமல் எழுதப்படுவதில்லை. பதிவு கொடுப்பதற்கு ஆதாரமாக அது இருந்தாலே போதும். அந்த இடத்தில் ஒன்றும் எழுதாமலேயே நாள் கழியலாம்.

சரிசெய்வது இப்படி: ஸ்டார்ட்டில் "அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்" என்று தேடித் திறவுங்கள். "பெர்ஃபோமன்ஸ்" என்ற பெட்டிக்குள் "செட்டிங்ஸ்", அதில் "அட்வான்ஸ்ட்" தாள், அதன் அடியில் "வேர்ச்சுவல் மெமரி", அங்கே "சேஞ்". மேலே உள்ள "எல்லா டிரைவுக்கும் தானாக நிர்வகி" என்ற பொருளுள்ள கட்டத்தில் சரி அடையாளம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பத்தில் ஒன்பது வீட்டுக் கொம்பியூட்டருக்கு இதற்குமேல் கை வைக்கத் தேவையில்லை என்பது எங்கள் எண்ணம்.

ஆனால் இங்கே ஒரு கண்ணி உண்டு. தானாக நிர்வகிக்கும் பேஜிங் ஃபைல் எவ்வளவு வேண்டுமானாலும் வளராது. ரேமின் மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி, இரண்டில் பெரியது எதுவோ அதுவரை வளரலாம். ஆனால் அந்த டிரைவின் மொத்தக் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. 120 ஜிபி எஸ்எஸ்டி போட்ட பழைய லெப்டொப்பில் அது 15 ஜிபிக்குள் நின்றுவிடும். அந்த 15 ஜிபியும் சி டிரைவில் வெற்றிடம் இருந்தால்தான். சி டிரைவில் 2 ஜிபி மட்டும் மிச்சமிருக்கும் கொம்பியூட்டரில் ரேம் 16 ஜிபி இருந்தென்ன, மேலும் 2 ஜிபிக்குத்தான் பதிவு கிடைக்கும். ஆகவே "மெமரி போதாது" என்ற நோய்க்குச் சில வேளை மருந்து, டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கும் பழைய வீடியோக்களை வேறு டிரைவுக்கு மாற்றுவதுதான். அளவை நீங்களே குறித்துக் கொடுக்க வேண்டிய நிலை வந்தால், 16 ஜிபி ரேமுக்குத் தொடக்க அளவு 4096, உச்ச அளவு 16384 என்று எம்பி கணக்கில் கொடுக்கலாம். அத்தனை இடம் டிரைவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பதிவு முழுவதையும் தின்றது எது என்பதை விண்டோஸ் தானே குறித்துவைக்கிறது. இதை ஏனோ யாரும் பார்ப்பதில்லை. ஈவென்ட் வியூவரில் "விண்டோஸ் லொக்ஸ்", அதற்குள் "சிஸ்டம்", அங்கே 2004 என்ற இலக்கத்தை வடிகட்டிப் பாருங்கள். எந்த நேரத்தில் பதிவு தீர்ந்தது, அப்போது அதிகம் பிடித்துவைத்திருந்த மூன்று புரோகிராம்கள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை பைட் என்று எழுதியிருக்கும். நேற்று இரவு நடந்ததையும் இன்று காலை பார்க்கலாம்.

கொமிட்டெட் எண்கள் இரண்டுக்கும் நடுவே தாராள இடைவெளி இருந்தும் பிழை வருகிறதா? அப்படியானால் அந்த ஒரு புரோகிராமின் சொந்த எல்லை முட்டியிருக்கிறது. கணக்காளர் அலுவலகங்களில் நூற்றுக்கு மேல் தாள்கள் கொண்ட எக்செல் கோப்பு திறக்க மறுப்பதற்கு முதற் காரணம் இதுதான்: விண்டோஸ் 64 பிட், எக்செல் 32 பிட்.

32 பிட் முகவரியால் சுட்டிக்காட்டக்கூடியது 4,29,49,67,296 பைட்கள், அதாவது 4 ஜிபி. அதற்குமேல் ஒரு பைட்டைக்கூட அந்தப் புரோகிராமால் காணமுடியாது. பெரிய முகவரிகளைக் கையாளத் தெரியாத பழைய 32 பிட் புரோகிராமுக்கு 2 ஜிபிதான் கிடைக்கும். கொம்பியூட்டரில் 64 ஜிபி போட்டாலும் அந்த 2 ஜிபி 2 ஜிபியேதான். அதுவும் முழுதாகப் பயன்படாது. புரோகிராம் கேட்பது தொடர்ச்சியான ஓர் இடம். சின்னச் சின்ன வெற்றிடங்கள் சிதறிக் கிடந்தால் கூட்டிப் பார்க்க 500 எம்பி வந்தாலும் 200 எம்பித் துண்டு ஒன்று கிடைக்காமல் போகும். டாஸ்க் மனேஜரில் எக்செல் 1.5 ஜிபி அளவில் நிற்கும்போதே பிழை வருவது இப்படித்தான்.

உங்களுடையது எது என்று அறிய, எக்செலில் "ஃபைல்", "அக்கவுண்ட்", "அபவுட் எக்செல்" என்று போங்கள். மேல் வரியின் கடைசியில் 32 பிட் அல்லது 64 பிட் என்று இருக்கும். ஒஃபிஸ் 2016 வரை, கேட்காவிட்டால் 32 பிட்தான் நிறுவப்பட்டது. 2019 முதல்தான் 64 பிட் வழக்கமாயிற்று. பழைய கொம்பியூட்டரில் இருந்ததைப் போலவே புதியதிலும் நிறுவிக் கொடுக்கப்பட்டவை பல அலுவலகங்களில் இன்னும் 32 பிட்டாகவே ஓடுகின்றன. மாற்றுவதற்குப் புதிய உரிமம் வாங்கத் தேவையில்லை. இருப்பதை அகற்றிவிட்டு 64 பிட்டை நிறுவ வேண்டும். இரண்டையும் ஒரே கொம்பியூட்டரில் சேர்த்து வைக்க முடியாது.

மாற்றுமுன் ஒன்றைச் சோதியுங்கள். கணக்கு மென்பொருளிலிருந்து எக்செலுக்குத் தரவு இழுக்கும் இணைப்பு, பழைய அக்செஸ் தரவுத்தளம், வங்கிக் கோப்புத் தயாரிக்கும் மெக்ரோ (தானாக ஓடும்படி எழுதிவைத்த கட்டளைத் தொகுப்பு) ஆகியவை 32 பிட்டுக்காக எழுதப்பட்டிருக்கலாம். விண்டோஸின் உள் கட்டளைகளை அழைக்கும் மெக்ரோக்களில் "டிக்ளேர்" என்ற வரியோடு "பிடிஆர்சேஃப்" என்ற சொல் சேர்க்கப்பட்டிருக்காவிட்டால் 64 பிட்டில் ஓடாது. இதை மாதக் கடைசியில், சம்பளம் போடும் நாளில் செய்து பார்க்காதீர்கள்.

மாற்ற முடியாத இடங்களில் கோப்பை மெலிய வைக்கலாம். அறுநூறு வரிகள் மட்டும் உள்ள இருப்புக் கணக்குத் தாளில் கன்ட்ரோலும் எண்டும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். சுட்டி 600 ஆம் வரியில் நிற்காமல் 10,48,576 ஆம் வரியில் போய் விழுந்தால், அதுதான் எக்செலின் கடைசி வரி. எங்கோ அடியில் தவறி விழுந்த ஓர் இடைவெளியோ, இழுத்துவிட்ட ஒரு சூத்திரமோ அங்கே கிடக்கிறது. எக்செல் அவ்வளவு தூரத்தையும் பயன்பட்ட பகுதி என்று எண்ணிக்கொள்கிறது. உண்மையான கடைசி வரிக்குக் கீழே உள்ள எல்லா வரிகளையும் தெரிவுசெய்து அழியுங்கள். டிலீட் விசை உள்ளிருப்பதை மட்டும் அழிக்கும். வலச் சொடுக்கில் வரும் "டிலீட்" வரியையே அகற்றும், இங்கே வேண்டியது அதுதான். பிறகு சேமித்து, மூடி, மீண்டும் திறந்து பாருங்கள். இணையப் பக்கங்களிலிருந்து கொப்பி எடுத்து ஒட்டிய தாள்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு படங்கள் நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். "ஹோம்" பட்டியில் "ஃபைண்ட் அண்ட் செலெக்ட்" கீழே உள்ள "செலெக்ஷன் பேன்" அவற்றை வரிசையாகக் காட்டும்.

சில செய்திகளில் மெமரி என்ற சொல் வந்தாலும் மெமரிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. மின்னஞ்சலில் வந்த எக்செல் கோப்பைத் திறக்கும்போது "மெமரியோ டிஸ்க் இடமோ போதாது" என்றால், அநேகமாகப் பாதுகாப்புக்காக அந்தக் கோப்பு தடுத்துவைக்கப்பட்டிருக்கிறது. அனுப்பியவரைத் தெரியும், கோப்பை எதிர்பார்த்துத்தான் இருந்தீர்கள் என்றால் மட்டும், கோப்பின் மேல் வலச் சொடுக்குச் செய்து "புரொப்பட்டிஸ்" போய் அடியில் உள்ள "அன்பிளொக்" கட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள். வேர்டில் "மெமரி போதாது, கேட்ட எழுத்துருவைக் காட்ட முடியவில்லை" என்ற செய்தி தமிழ் தட்டச்சு செய்யும் கொமியூனிகேஷன் கடைகளுக்குப் பழக்கமானது. பாமினியும் அதன் உறவுகளுமாக நூற்றுக்கணக்கான எழுத்துருக்கள், பல கைகள் மாறி வந்த கொப்பிகள், அவற்றில் பழுதானவையும் சில. பயன்படுத்தாத எழுத்துருக்களை அகற்றுங்கள். அதோடு வேர்டை மூடிவிட்டு, டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரில் உள்ள "நோர்மல்" என்ற வார்ப்புருக் கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது வேர்ட் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளும். பழையதில் உங்கள் மெக்ரோக்கள் இருக்கலாம், ஆகவே அழித்துவிட வேண்டாம்.

காலையில் நன்றாக ஓடி மாலையில் பிழை காட்டும் கொம்பியூட்டர் வேறு ரகம். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காத புரோகிராமோ டிரைவரோ (கொம்பியூட்டரின் பாகங்களை இயக்கும் மென்பொருள்) உள்ளே இருக்கிறது. டாஸ்க் மனேஜரின் "டீட்டெய்ல்ஸ்" தாளில் தலைப்பு வரியின் மேல் வலச் சொடுக்குச் செய்து "கொமிட் சைஸ்", "ஜிடிஐ ஒப்ஜெக்ட்ஸ்" என்ற இரண்டு நிரல்களையும் சேருங்கள். மணிக்கு ஒருமுறை பாருங்கள். வேலை செய்யாமல் இருக்கும்போதும் ஏறிக்கொண்டே போகும் புரோகிராம்தான் குற்றவாளி. ஜிடிஐ என்பது திரையில் வரையும் பொருட்களின் கணக்கு. ஒரு புரோகிராமுக்கு வழக்கமான எல்லை 10,000. அதை எட்டினால், ரேம் பாதிக்கு மேல் காலியாக இருந்தாலும், மெனுக்கள் வெறுமையாகத் திறக்கும், பட்டன்கள் காணாமல் போகும், கடைசியில் மெமரி போதாது என்று வரும்.

எந்தப் புரோகிராமின் கணக்கிலும் ஏறாமல் ரேம் மட்டும் நிரம்பினால், முன்பு படமெடுத்த "நொன்-பேஜ்ட் பூல்" எண்ணுக்கு வாருங்கள். விண்டோஸின் உட்பகுதியும் டிரைவர்களும் பிடித்துவைத்திருக்கும், டிஸ்க்குக்குத் தள்ள முடியாத இடம் அது. வீட்டுக் கொம்பியூட்டரில் அது சில நூறு எம்பியாக இருப்பது இயல்பு. 2 ஜிபி, 3 ஜிபி என்று வளர்ந்தால் சந்தேகம் டிரைவர் மேல்தான் விழ வேண்டும். நெட்வேர்க் கார்டின் டிரைவர், மதர்போர்டோடு வந்த நெட்வேர்க் வேகமாக்கும் மென்பொருள், வைரஸ் தடுப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் புதுப்பித்தோ அகற்றியோ பாருங்கள். இங்கே முக்கியமான ஒன்று: விண்டோஸ் 10, 11 இல் "ஷட் டவுன்" செய்தால் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற வசதியால் கேர்னலும் டிரைவர்களும் அப்படியே டிஸ்க்கில் உறங்கவைக்கப்பட்டு, மறுநாள் அதே நிலையில் எழுப்பப்படுகின்றன. தினமும் இரவு அணைத்துவிட்டுப் போனாலும் டிரைவர் விழுங்கியது விழுங்கியபடியே இருக்கும். "ரீஸ்டார்ட்" கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இணையத்தளம் நடத்துபவர்களுக்கு "134217728 பைட் தீர்ந்தது" என்று வந்தால் அது 128 எம்பி; இணையத்தளங்களை இயக்கும் மொழியான பிஎச்பியின் அமைப்புக் கோப்பில் வழக்கமாக எழுதப்பட்டிருக்கும் எல்லை, சேர்வரின் ரேம் அன்று. ஜாவா மொழியில் எழுதிய புரோகிராம், எல்லை எதுவும் சொல்லாவிட்டால் ரேமில் நான்கில் ஒரு பங்கை மட்டும் உச்சமாக எடுத்துக்கொள்ளும். வீடியோ வெட்டும்போதோ செயற்கை நுண்ணறிவுப் படங்கள் செய்யும்போதோ "குடா அவுட் ஒஃப் மெமரி" வந்தால் தீர்ந்தது கிராஃபிக்ஸ் கார்டின் மெமரி. படத்தின் அளவைக் குறைப்பதே வழி. போட்டோஷொப்பில் "ஸ்க்ராச் டிஸ்க்" நிரம்பியது என்றால் டிஸ்க்கில் இடம் செய்யுங்கள்.

16 ஜிபி போட்டும் "7.9 ஜிபி யூசபிள்" என்று காட்டினால் கொம்பியூட்டரை அணைத்து, மின்சாரத்தைக் கழற்றி, ரேம் துண்டுகளை எடுத்து மீண்டும் கிளிக் என்று விழும்வரை அழுத்துங்கள். அப்படியும் சரிவராவிட்டால் "சிஸ்டம் கொன்ஃபிகரேஷன்" என்பதில் "பூட்", "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்" போய் "மெக்சிமம் மெமரி" கட்டத்தில் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். கொம்பியூட்டரை வேகமாக்கும் வழி என்று யாரோ சொல்லக் கேட்டு அதைப் போட்டுவைத்தவர்கள் உண்டு. பழைய ஆய்வுகூடங்களில் இன்னும் 32 பிட் விண்டோஸ் ஓடுமானால் எத்தனை ரேம் போட்டாலும் 3 ஜிபியைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும். விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இல் 32 பிட் பதிப்பே கிடையாது. அத்தகைய கொம்பியூட்டருக்கு ரேம் வாங்கிப் போடுவது வீண்.

ரேம் உண்மையிலேயே தேவைப்படும் வேளையும் உண்டு. வழக்கமான வேலை நடுவே "அவைலபிள்" 1 ஜிபிக்குக் கீழே கிடந்து, டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, கொம்பியூட்டர் ஊர்ந்தால் தயங்காமல் வாங்குங்கள். இருக்கும் துண்டின் வகை டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 இல் எது என்று பார்த்து வாங்குங்கள்; ஒன்று மற்றதன் குழியில் பொருந்தாது.

கொழும்பில் கொம்பியூட்டர் திருத்தும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். ரேம் மாற்றிக் கொடுக்கும்போது, பிழை வந்த நேரத்தில் அவைலபிள் எவ்வளவு, கொமிட்டெட் இரண்டு எண்களும் எவ்வளவு, பிழை காட்டிய புரோகிராம் 32 பிட்டா 64 பிட்டா என்பதைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர்களும் இதைக் கேட்டு வாங்குங்கள். மாற்றிய பின் அதே கோப்பை, அதே வேலையைக் கடையிலேயே வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கொம்பியூட்டர் திருத்துவோர் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.